மூன்றாவது விளக்கு

இரவு இரண்டு நாற்பதுக்கு
மூன்றாவது விளக்கு சிவக்கும்.
காதில் பேசும் ஓஹையோ மருத்துவர்
'இடது சிறுநீரகத்தில்' என்றதோடு நின்றுபோவார்.
இடது சிறுநீரகத்தில் என்ன?
கல்லா, கட்டியா, ஒன்றுமில்லையா,
மூன்று நிமிடம் கழித்துத்தான் தட்டச்சலாம்.

கக்கதாசபுரா, நாலாவது மெயின், மூன்றாம் மாடி.
குடிவந்த அன்றே சுவரில் இருந்தது பெட்டி,
குரியன்_ஹோம் என்ற பெயரோடு,
ஸ்விட்சுக்கு மேல் பென்சிலில் எழுதிய பாஸ்வேர்டோடு.
குரியன் யாரென்று தெரியாது.
பதினோரு மாதமாய்
அவர் வீட்டுக் காற்றில்தான் என் பிழைப்பு.

முதலில் மைக்ரோவேவைச் சந்தேகித்தேன்.
பிறகு மீன்தொட்டியை. தண்ணீர் அலையைக் குடிக்குமாமே.
பீரோவை நகர்த்தியதில் இடுப்பு பிடித்தது.
கம்பெனி ஆள் பரமேஷ் வந்து
வாயால் ஊதித் தூசி தட்டி
அணைத்துப் போட்டு
'ஈக சரி ஆய்த்து மேடம்' என்று
ஐந்து நட்சத்திரம் வாங்கிப் போனான்.
அன்றிரவும் இரண்டு நாற்பது.

ஒரு மாலை பெட்டியின் முதுகைத் திருப்பிப் படித்தேன்.
பெயர் அட்மின். கடவுச்சொல்லும் அட்மின்.
பூட்டிலேயே சாவி தொங்கும் வீடு.
உள்ளே போனால்
ஃபர்ம்வேருக்கு வயது ஆறு வருடம்.
எவரும் எதையும் புதிதாய்ச் சொல்லித்தராமல்
தெரிந்ததை வைத்தே ஒப்பேற்றியிருக்கிறது,
விழுவதும் எழுவதுமாய்.

இணைந்தவை என்றொரு பட்டியல்.
என் லேப்டாப். என் போன்.
அப்புறம், டிம்பேஸ்வர்.
கடைசி வருகை 2.38.

கீழே பிளாஸ்டிக் நாற்காலியில்
குரங்குக் குல்லாவோடு உட்காரும் இரவுக் காவல்.
பையா என்று கூப்பிட்டிருக்கிறேன்,
பாதி நாள் அதுவும் இல்லை.
கோபம் வந்தது, பொய் சொல்லவேண்டாம்.
வேலி, பயிர், மேய்ச்சல்
எல்லாம் வரிசையாய் வாயில் வந்தது.

புதிய பதிப்பு இருக்கிறது, நிறுவவா? என்றது திரை.
பாதுகாப்பு ஓட்டை அடைக்கப்பட்டது.
இரண்டு ஓடைகள் ஒருசேர ஓடினால்
பெட்டி மயங்கும் பிழை நீக்கப்பட்டது.
விருந்தினர் வலை சேர்க்கப்பட்டது.
அடியில் சிவப்பில்:
முடியும்வரை மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள்.

என்னிடம் சொல்லி என்ன பயன்,
பெஸ்காமிடம் அல்லவா சொல்லவேண்டும்.
வெளியே மே மாத மழை கூடிக்கொண்டிருந்தது.
ஒரு இடி போதும், இந்தத் தெரு இருள.
பாதியில் போனால் பெட்டி செங்கல்.
அழுத்தினேன்.

பன்னிரண்டு சதவீதம்.
முப்பத்தொன்று.
மின்விசிறி ஒருமுறை தயங்கியது.
நாற்பத்தாறில் நின்று எதையோ யோசித்தது.
பால் பொங்கப்போகும் அடுப்பெதிரே போல
கண்ணை எடுக்காமல் நின்றேன்.
தொண்ணூற்றொன்பதில் எல்லா விளக்கும் அணைந்தன.
போச்சு.
இல்லை, விசிறி சுற்றுகிறது.
ஒன்று. இரண்டு.
மூன்றாவது, பச்சை.
பதினாறு எழுத்தில் கடவுச்சொல் போட்டேன்.

அன்றிரவு யாரோ ஒருவரின் இடது சிறுநீரகம்
தடையின்றி வந்துசேர்ந்தது. நான்கு மில்லிமீட்டர் கல்.
பால்கனியில் எட்டிப் பார்த்தால்
தூறலில் டிம்பேஸ்வர்,
போனை என் ஜன்னல் பக்கம் உயர்த்திப் பிடித்து
கேட்டுக்கும் பைக்குகளுக்கும் இடையே
நடந்துகொண்டிருந்தார்.

இறங்கிப் போனேன். பயந்துவிட்டார்.
'குரியன் சார் கொடுத்தது மேடம்,
போகும்போது.'
மனைவி திப்ருகரில் ஆஸ்பத்திரி ஆயா.
இரவு ஷிஃப்டில் டீ இடைவேளை இரண்டரைக்கு மேல்.
இருபது நிமிடம்.
அதில் இன்று பன்னிரண்டு போய்விட்டது.

விருந்து என்றால் புதிது என்றும் பொருள்,
எந்தப் பரீட்சைக்கோ படித்தது.
படியில் உட்கார்ந்து விருந்தினர் வலையைத் திறந்தேன்.
பெயர் கேட்டது. அவர் ஊர்ப்பெயரை
மூன்று முறை எழுத்துக்கூட்டிச் சொன்னார்.
திரையில் ஒரு பெண் தேநீர் டம்ளரோடு அசைந்தாள்,
என்னைப் பார்த்து முக்காட்டைச் சரிசெய்தாள்.

மேலே வந்து
அந்த வலைக்கு வேக வரம்பு ஒன்று வைத்தேன்.
நான் குரியன் இல்லை.